கார் பெயின்டில் திடீர்ப் புள்ளிகள்: தேய்க்கும் முன் தடவிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறீர்கள். பானட்டில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். சோப்பு போட்டும் போகவில்லை. விரலால் தேய்த்தால் அசையவில்லை. அடுத்து நகம் நீளும், இல்லாவிட்டால் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வரும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில், புள்ளியால் கெட்ட பெயின்டைவிட அது என்னவென்று தெரியாமல் தேய்த்ததால் கெட்ட பெயின்ட்தான் அதிகம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் முதல் கார் வெள்ளை நிறம். உயரப் பாலத்தில் ரயில் ஓடும் பாதைக்குப் பக்கத்துத் திறந்தவெளி கார் பார்க்கில் நிற்கும். பழுப்புப் புள்ளிகள் வந்தபோது, ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு ரப்பிங் காம்பவுண்ட் வாங்கிவந்து இரண்டு மாலை முழுக்கத் தேய்த்தேன். புள்ளிகள் மறைந்தன. மூன்றே வாரத்தில் அதே இடங்களில் திரும்பி வந்தன. மறுபடி தேய்த்தேன். ஆறு மாதம் கழித்து பானட்டின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு மங்கல் தெரிந்தது. அது மெல்ல மெல்லப் பரவி, மேல்தோல் உரிந்தது. அந்த பானட்டுக்கு முழுதாகப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. உண்மையில் அந்தப் புள்ளிகள் இரும்புத் துகள்கள். சரியான திரவத்தை அடித்து, தண்ணீர் விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் போயிருக்கும்.

முதலில் பெயின்டைப் பற்றி

நாம் பார்க்கும் நிறம் காரின் மேல்தளம் அல்ல. உலோகத்தின்மேல் துருத்தடுப்புப் பூச்சும் பிரைமரும் இருக்கும். அதற்குமேல் நிறம் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல நிறமற்ற கிளியர் கோட். ஆலையிலிருந்து வரும் காரில் இவை எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெல்லியது. என் பானட் ஓரத்தில் உரிந்ததற்குக் காரணம் அதுதான்.

காம்பவுண்ட், பாலிஷ் எல்லாம் அழுக்கை எடுக்கும் பொருள்கள் அல்ல. அவை கிளியர் கோட்டைச் சீவுகின்றன. சீவியது மறுபடி வளராது. இங்கே சிங்கப்பூரில், கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் காலம் 10 ஆண்டு. சிலர் அதைப் புதுப்பித்து இன்னும் 5 அல்லது 10 ஆண்டு ஓட்டுகிறார்கள். அத்தனை ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்க வேண்டிய படலத்தை முதல் ஆண்டிலேயே செலவழித்துவிடக் கூடாது. ஆகவே மென்மையான வழியில் தொடங்கி, அது பலிக்காவிட்டால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

கழுவுங்கள், நிழலில் பாருங்கள்

தூசி இருக்கும்போது எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். மண் துகள்மேல் விரலை ஓட்டினாலே கீறல் விழும். கார் ஷாம்பு, இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் கையுறை போதும். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று கையுறையை அலசுவதற்கு. பாத்திரம் துலக்கும் சோப்பை அவசரத்துக்கு வேண்டுமானால் ஒருமுறை பயன்படுத்தலாம். அது பெயின்டின் மேலுள்ள மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும்.

கழுவும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர் வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இரசாயனம் ஏதும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கார் கழுவுமிடத்துக்கோ, அதற்கென்று உள்ள தொட்டிக்கோ போய்விடுங்கள். அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழே வடிகால் ஓரத்தில் செய்யாதீர்கள்.

அடுக்குமாடி கார் பார்க்கில், இரவு நேரத்தில், கையில் டார்ச் விளக்கோடு பார்ப்பது எனக்குப் பிடித்த முறை. பானட் குளிர்ந்திருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மேடும் பள்ளமும் நிழல் காட்டும். கைபேசிக் கேமராவை நெருக்கமாக வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். நடுவில் கருத்த துகளும் சுற்றிலும் துருவட்டமும் இருக்கிறதா, வெறும் வளையமா, குழியா என்பது அதில் தெரிந்துவிடும்.

விரல் சொல்லும் மூன்று பதில்கள்

காய்கறி வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஈரமான பெயின்டின்மேல் விரல்நுனிகளை மெதுவாக ஓட்டுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் பை வழியாகத் தெரியும்.

மேடாக, மணல்போலத் தட்டுப்பட்டால் ஏதோ பெயின்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இது நல்ல செய்தி. அதை எடுத்துவிடலாம். பள்ளமாக, வளையமாகத் தட்டுப்பட்டால் ஏதோ கிளியர் கோட்டைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள தளத்தைச் சற்றே தாழ்த்தினால்தான் பள்ளம் மறையும். அதற்குத்தான் பாலிஷ். வழவழப்பாகவே இருந்தும் கண்ணுக்குப் புள்ளி தெரிகிறதா? ஒன்று, சாயம் ஏறியிருக்கிறது. அல்லது கோளாறு பெயின்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. எனக்கோ பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். பானட், கூரை, பூட் மூன்றிலும் மட்டும் இருந்தால் மேலிருந்து விழுந்தது. ஒரே பக்கத்துக் கதவுகளில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து காற்றில் வந்தது. சக்கரங்களுக்குப் பின்னாலும் கதவின் அடிப்பகுதியிலும் இருந்தால் சாலையிலிருந்து தெறித்தது. ஒரே ஒரு பாகத்தில், உதாரணத்துக்கு இடது முன்கதவில் மட்டும், அதுவும் விளிம்போடு நின்றுவிட்டால், அது வெளியிலிருந்து வந்தது அல்ல. அந்தப் பாகம் எப்போதோ மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, கார் எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள். தலைக்குமேல் என்ன, பக்கத்தில் என்ன, கடந்த இரண்டு வாரத்தில் அங்கே என்ன நடந்தது?

இரும்புத் துகள்

வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் பழுப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளி, நடுவில் கருத்த முனை, தொட்டால் சொரசொரப்பு. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது பறக்கும் தூள், கட்டுமானத் தளத்தில் இரும்பு அறுக்கும் பொறி, நம் கார் பிரேக்கின் தூசி எல்லாம் இதில் சேரும். சூடான துகள் கிளியர் கோட்டில் பதிந்துகொள்ளும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. கருப்புக் காரிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இதற்கு அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வகைகளில் இருப்பது தயோகிளைகோலேட். சலூனில் முடியைச் சுருட்டுவதற்குப் போடும் திரவத்திலும் இதே குடும்பத்துப் பொருள்தான். அந்த நாற்றமும் அப்படியே இருக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், குளிர்ந்த பெயின்டின்மேல் அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் வழியும். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அது இரும்பு கரைவதன் அடையாளம். திரவம் காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். மிச்சமிருந்தால் இன்னொரு முறை. ஊதா நிறமே வரவில்லை என்றால் அது இரும்பு அல்ல, வேறு காரணத்தைத் தேடுங்கள். மருந்தே சோதனையாகவும் இருப்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

காம்பவுண்ட் போட்டபோது எனக்கு ஏன் புள்ளி திரும்பி வந்தது என்பதும் இப்போது புரியும். வெளியே தெரிந்த துருவை மட்டும் சீவினேன். அடியில் பதிந்த இரும்பு அப்படியே இருந்தது, மறுபடி துருப்பிடித்தது.

கிளே பார்

இரும்பு கரைந்தபிறகும் சொரசொரப்பு மிச்சமிருந்தால், அல்லது புள்ளி பெயின்ட் தெறிப்பாகவோ காய்ந்த பிசினாகவோ இருந்தால், அடுத்த படி கிளே பார். பிள்ளைகள் விளையாடும் களிமண்போல இருக்கும். ஒரு துண்டை எடுத்துத் தட்டையாக்கி, அதற்கென்ற வழுக்குத் திரவத்தையோ ஷாம்புத் தண்ணீரையோ தாராளமாகத் தெளித்து, எடையே கொடுக்காமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்று, துண்டு வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஒட்டிய மணல் போகாது.

கருமை நிறக் கார்களில் கிளே மெல்லிய மங்கலை விட்டுச் செல்வதுண்டு. மேலும், அது பழைய மெழுகையும் எடுத்துவிடும். அதனால் அன்றே புதிதாக மெழுகு போட்டுவிடுங்கள்.

மழையும் வெயிலும் விட்டுச்செல்லும் வளையங்கள்

நம் ஊரில் மழை பெய்து, அரை மணி நேரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும். பானட்டில் நிற்கும் ஒவ்வொரு துளியும் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பும் தூசியும் அமிலமும் ஓரத்தில் ஒதுங்கி வளையமாகும். கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

வளையம் புதிதாக, வெள்ளைப் பொடியாக இருந்தால் கழுவினாலே போகும். போகாவிட்டால் வெள்ளை வினிகரையும் வாலை வடிநீரையும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து, அந்த இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம், காயவும் விட வேண்டாம். பிறகு அலசி, ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். இதற்கும் போகாமல் விரலுக்குப் பள்ளம் தெரிந்தால் அது கடித்த தழும்பு. கீழே பாலிஷ் பற்றிச் சொல்லும் பகுதியில் அதைப் பார்ப்போம்.

பறவை, வௌவால், மரம்

எச்சத்தின் அமிலம் மட்டும்தான் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. மேலே ஒட்டியிருக்கும் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த எச்சத்தின் சொரசொரப்பு உருவத்திலேயே உறைந்துவிடுகிறது. அதனால்தான் எச்சத்தைத் துடைத்தபிறகும் அதன் படம் அப்படியே நிற்கிறது. காலையில் விழுந்ததை மதியத்துக்குள் எடுத்துவிட்டால் தப்பித்தோம்.

எடுக்கும் முறை: டிஷ்யூ தாளைத் தண்ணீரில் தோய்த்து எச்சத்தின்மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு கிள்ளி எடுப்பதுபோலத் தூக்கி எடுங்கள். எச்சத்தில் விதையும் மண்ணும் இருக்கும். காய்ந்ததை அப்படியே துடைத்தால் உப்புத்தாள் போட்டதற்குச் சமம். கருஞ்சிவப்பாக, கோடுபோல வழிந்து, பழ நார் தெரிந்தால் அது பழந்தின்னி வௌவாலுடையதாக இருக்கலாம். அதற்கும் இதே முறைதான், ஆனால் சாயம் சீக்கிரம் ஏறும். கடுகு மஞ்சளில் சின்னச் சின்னச் சொட்டு, சில கோடாக இழுபட்டிருந்தால் தேனீக்களின் கழிவு. பக்கத்து மரத்தில் கூடு இருக்கும்.

மரத்தடி நிழல் சிங்கப்பூரில் பெரிய ஆசை. ஆனால் அதற்கு விலை உண்டு. இங்கே சாலையெல்லாம் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரம் 1876ல் கொண்டுவரப்பட்டது. மாலையில் இலையை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்ற பொருளில் ‘புக்குல் லிமா’ என்கிறார்கள். மரத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கீழே தூவும் இனிப்புக் கழிவுதான் காரில் ஒட்டும் நுண்ணிய பசைத்துளி. பிசின் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். புதிதாக இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். உண்மையான மரப்பிசின் பொன்னிறமாக, மணிபோலக் கெட்டியாக இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்து ஒற்றுங்கள். இளகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நனைந்த இலையோ பூவோ ஒட்டிக் காய்ந்தால் அதன் உருவிலேயே பழுப்புச் சாயம் நிற்கும். அது பெரும்பாலும் கழுவக் கழுவ மங்கிவிடும்.

கூரையிலிருந்து சொட்டும் சுண்ணாம்பு

மழை படாத அடுக்குமாடி கார் பார்க்கில் நிறுத்தியும் வெள்ளைச் சொட்டு வந்திருக்கிறது என்றால் மேலே அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் விரிசல் வழியே கசியும் தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும். காரில் விழுந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும். காரத்தன்மை மிகுந்த இந்தச் சொட்டு கிளியர் கோட்டை நன்றாகவே கடிக்கும். எனக்குத் தெரிந்தவரையில் இதுதான் மிகவும் தப்பாகக் கையாளப்படும் புள்ளி. பலரும் கத்தி முனையால், பழைய அட்டையால் பெயர்த்தெடுக்கப் பார்க்கிறார்கள். சொட்டு பெயரும்போது பெயின்டும் கூடவே வந்துவிடும்.

வினிகர்தான் மருந்து. இங்கே தண்ணீர் கலக்க வேண்டாம். பஞ்சை நனைத்துச் சொட்டின்மேல் மட்டும் பத்து நிமிடம் வையுங்கள். சிறு குமிழ் வரும், ஓரம் இளகும். அலசிவிட்டு மறுபடி வையுங்கள். நான்கைந்து முறை ஆகலாம். பொறுமைதான் இதில் வேலை செய்கிறது. முடிந்ததும் ஷாம்புத் தண்ணீரால் அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள்.

புளோக்குக்குப் பெயின்ட் அடிக்கும் காலம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர மன்றம் வெளிச்சுவர்ப் பெயின்ட் அடிக்கும். மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டுவார்கள். அதை வாசித்துவிட்டு அந்த வாரங்களில் காரை வேறு பக்கம் நிறுத்துங்கள். காற்று வீசும் நாளில் தூறல் வெகுதூரம் வரும். ஒரே பக்கம், ஒரே நிறம், சீரான நுண்புள்ளிகள் என்றால் இதுவே காரணம். புதிதாகப் பட்டிருந்தால் ஈரத்துணியை ஊறவைத்தாலே இளகலாம். காய்ந்ததைக் கிளே எடுக்கும்.

ஆனால் கை வைப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள். தேதி, கார் நிற்கும் இடத்தின் லாட் எண், பின்னணியில் சாரம் கட்டிய சுவர் மூன்றும் தெரிய வேண்டும். நகர மன்ற அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது அதுதான் கைகொடுக்கும். சுத்தம் செய்துவிட்டுப் போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

நாமே வைக்கும் பொட்டு

புதுக் கார் எடுத்த அன்று தேக்காவில் (லிட்டில் இந்தியா) கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவோம். ஆயுத பூசைக்கும் பொட்டு வைப்போம். சந்தனமும் குங்குமமும் பானட்டில் இருக்கும் அழகே தனி. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. கடையில் வாங்குவதில் செயற்கைச் சாயமும் இருக்கலாம். ஈரத்தோடு பானட்டில் மூன்று நாள் வெயிலில் இருந்தால் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பு வட்டம் நின்றுவிடும். எலுமிச்சைச் சாறும் பெயின்டில் காயக் கூடாது. பொட்டை எண்பலகையிலோ முன்கண்ணாடியின் மேல் ஓரத்திலோ வையுங்கள். பெயின்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் விரும்பினால், அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். சாயம் ஏறிவிட்டால் முதலில் ஷாம்பு, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால். அதற்கும் போகாததற்கு மட்டும் மெல்லிய பாலிஷ்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் தாள் எரிக்கும் சாம்பலும், புகைமூட்ட நாள்களின் கரித்தூளும் காரில் படியும். 2013 ஜூன் 21ல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது கார் பார்க் முழுவதும் சாம்பல் பூத்துக் கிடந்தது. இவற்றை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள். தீப்பொறி விழுந்து ஓரம் உருகிய குழி இருந்தால் அதற்கு எந்தத் திரவமும் உதவாது. கொசு மருந்துப் புகை அடித்த பிறகு வரும் எண்ணெய்ப் படலத்துக்கு ஷாம்பு போதும். கதவின் அடியில் தெறித்த தாருக்குத் தார் நீக்கும் திரவம் தனியாகக் கிடைக்கிறது.

பள்ளம் விழுந்த இடத்துக்குப் பாலிஷ்

இதற்குமுன் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு, மேலே எதுவும் இல்லை, பள்ளம்தான் மிச்சம் என்று உறுதியானபிறகே இங்கே வாருங்கள். புதியவர்கள் கையால் செய்வதே நல்லது. இயந்திரம் வேகமாக வேலை செய்யும், வேகமாகவே தப்பும் செய்யும்.

மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷ் வாங்குங்கள். ஒரு சாண் அகலம் உள்ள சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், குளிர்ந்த பெயின்டில் செய்யுங்கள். பட்டாணி அளவு பாலிஷ் போதும். இருபது முப்பது முறை ஓட்டியதும் நிறுத்தி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தை நிரப்பி, சரியாகிவிட்டதுபோல ஏமாற்றும். துடைத்தபிறகும் தெரிவதுதான் உண்மை நிலை. துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். ஒன்று உங்கள் காரில் கிளியர் கோட்டே இல்லாத பழைய வகைப் பெயின்ட் இருக்கிறது. இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பத்தில் ஏழு பங்கு மறைந்தால் அதோடு விடுவது என் வழக்கம். மிச்சம் மூன்று பங்கைத் துரத்தி கிளியர் கோட்டை இழப்பதைவிட, சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரியும் ஒரு தழும்போடு வாழலாம். பறவை எச்சத்தின் தடம் புதிதாக இருந்தால் பாலிஷுக்கு முன் ஓரிரு நாள் நல்ல வெயிலில் காரை நிறுத்திப் பாருங்கள். கிளியர் கோட் இளகித் தடம் சற்று மங்குவதுண்டு.

பெயின்டுக்குள் இருக்கும் கோளாறு

பழைய கார் வாங்கியவர்கள் இதை விடாமல் படியுங்கள். ஒரே பாகத்தில் மட்டும் வட்ட வட்டமான குழிகள், நடுவில் அடிநிறம் தெரிந்தால், பெயின்ட் அடிக்கும்போது அடியில் எண்ணெயோ சிலிக்கானோ இருந்திருக்கிறது. குண்டூசி குத்தியதுபோல நுண்துளைகள் என்றால், கனமாக அடித்து அவசரமாகக் காயவைத்ததில் கரைப்பான் ஆவி பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. சின்னக் கொப்புளங்கள் என்றால் அடியில் ஈரம் சிக்கியிருக்கிறது. கொப்புளத்தைச் சுற்றிப் பழுப்பு கசிந்தால் உலோகமே துருப்பிடிக்கிறது. கூரையிலும் பானட்டிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பரவினால் கிளியர் கோட் ஆயுள் முடிந்து உரிகிறது. இவை எதற்கும் கிளேயோ பாலிஷோ தீர்வு அல்ல. தேய்த்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களில் பட்டறைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரே இடத்தில் கேட்டு முடிவெடுக்காமல் மூன்று இடத்தில் காட்டுங்கள். பெயின்டின் கனம் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். காரின் பல பாகங்களில் 120 மைக்ரான் காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் அது மறுபடி அடிக்கப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் நெளிவை நிரப்பிய புட்டிப் பசை இருக்கிறது. அளந்து பார்க்காமலே, ‘பாலிஷ் போட்டால் எல்லாப் புள்ளியும் போய்விடும்’ என்று உறுதி சொல்லும் இடத்திலிருந்து நான் வந்துவிடுவேன்.

பானட்டின் முன்விளிம்பில் கல் தெறித்த குழிகளை மட்டும் நீங்களே மூடலாம். ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கி, குழியை ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தும் குச்சி நுனியால் ஒரு துளி வையுங்கள். காயவிட்டு மறுபடி ஒரு துளி. ஒரே தடவையில் நிரப்பினால் மேடாகிவிடும்.

இனி வராமல் இருக்க

மெழுகு நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு மூன்று மாதம் தாங்கினால் பெரிது. செராமிக் கோட்டிங் அதிக நாள் நிற்கும், கழுவுவது சுலபமாகும். ஆனால் புள்ளியே வராது என்று நம்பி வாங்காதீர்கள். கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் உருண்டு உருண்டு நிற்கும். அது வெயிலில் காய்ந்தால் வளையம் இன்னும் தெளிவாகத் தெரியும். எச்சம் விழுந்தால் அங்கேயும் உடனே எடுக்கத்தான் வேண்டும்.

பூட்டில் ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு பொட்டலம் டிஷ்யூ, இரண்டு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி வைத்திருங்கள். வேலைக்குப் போன இடத்தில் எச்சம் விழுந்தால் வீடு திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது.

காரை நிறுத்தும் முன் லாட்டின் தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் எச்சம் குவிந்திருந்தால் மேலே பறவைகள் அடையும் கிளை இருக்கிறது. கருத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் மரத்துப் பசை. அடுக்குமாடியில் தரையில் வெள்ளை வட்டம் இருந்தால் நேர்மேலே கான்கிரீட் கசிகிறது. நான் இப்போது நிறுத்தும் மூன்றாம் மாடியில் அப்படி ஒரு லாட் இருக்கிறது. மின்தூக்கிக்கு மிக அருகில், எப்போதும் காலியாக. நான் அதைத் தாண்டி, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நிறுத்துகிறேன்.